அதிகாரப் பிரிவினை: எது நிஜக் கடிவாளம், எது ஏட்டளவில் மட்டும்?

ஏட்டுச்சுரை கேட்டது:

சட்டம் இயற்ற ஒரு அமைப்பு, நடத்த ஒன்று, தீர்ப்புச் சொல்ல ஒன்று, மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் என்று பள்ளியில் படித்தாயிற்று. ஆனால் நாடாளுமன்ற முறையில் பிரதமர் என்பவரே அவையில் பெரும்பான்மையைக் கையில் வைத்திருப்பவர்தான். இந்தியாவில் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அப்புறம் யார் யாரைத் தடுப்பது? அமெரிக்காவைப் போல மூன்றையும் முழுக்கப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா?

எனக்கு வேண்டியது தத்துவம் இல்லை, வாசிக்கும் முறை. ஒரு அரசியலமைப்பை எடுத்தால் ‘ஒப்புதல் பெற வேண்டும்’, ‘கலந்தாலோசிக்க வேண்டும்’, ‘அவையின் முன் வைக்க வேண்டும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இவற்றில் எது உண்மையில் பிடிக்கும், எது சும்மா அலங்காரம் என்று வாசகத்தை வைத்தே எப்படிப் பிரித்தறிவது?

---

கூர்முனை பதில்:

அமெரிக்கா பற்றிய பாதிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கேயும் மூன்றும் முழுக்கப் பிரிந்தவை இல்லை. குடியரசுத் தலைவரின் தடுப்பாணை (வீட்டோ) சட்டமியற்றும் வேலையில் ஒரு பங்கு. நீதிபதி நியமனத்தில் செனட்டுக்குப் பங்கு. துணைத் தலைவரே செனட்டுக்குத் தலைமை தாங்குகிறார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ 1748-இல் எச்சரித்தது ஒரு துறையின் முழு அதிகாரமும் இன்னொரு துறையின் முழு அதிகாரத்தோடு ஒரே கையில் சேர்வதைத்தான், கொஞ்சம் கலப்பதை அல்ல என்று அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான மேடிசன் 1788-இலேயே வாதாடிவிட்டார். கலப்பு இல்லாமல் கட்டுப்பாடே கிடையாது. அடுத்தவர் வேலையில் கை வைக்கும் உரிமை இருந்தால்தான் தடுக்க முடியும்.

வாசிக்கும் முறைக்கு வருவோம். ஒவ்வொரு விதியிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: சம்பந்தப்பட்டவர் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்துவிட்டால் முடிவு யார் பக்கம் விழும்? அதிகாரம் யாருக்கு என்று விதி சொல்வதைவிட, மௌனம் யாருக்குச் சாதகம் என்பது முக்கியம்.

ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு விதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் மசோதா தலைவரிடம் போனால் ஞாயிறு நீங்கலாகப் 10 நாள். கையெழுத்தும் இல்லை, திருப்பியும் அனுப்பவில்லை என்றால் அது தானாகச் சட்டம். அந்தப் 10 நாளுக்குள் அவர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸ் கூட்டத்தை ஒத்திவைத்துக் கலைந்துபோய்த் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் மட்டும் மசோதா செத்துப்போகும். இந்திய அரசியலமைப்பின் 111-ஆவது பிரிவில் ‘இயன்றவரை விரைவில்’ திருப்பி அனுப்பலாம் என்று இருக்கிறதே தவிர, நாள் கணக்கு இல்லை. 1986-இல் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவில் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அது அப்படியே கிடந்தது. தடிமனான தடுப்பாணை எல்லாம் தேவைப்படவில்லை, மேசை இழுப்பறையே போதுமாக இருந்தது.

மாநில மசோதாக்களுக்கான 200-ஆவது பிரிவும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதி, ஆளுநருக்குக் கால வரம்பும் வகுத்தது. பிறகு குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்துரை வேறு: நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் தந்ததாகக் கருதுதல்’ அரசியலமைப்பில் இல்லாதது. காரணம் சொல்லாமல் நீண்டகாலம் கிடப்பில் போட்டால் ‘ஒரு முடிவெடுங்கள்’ என்று மட்டும் உத்தரவிடலாம். இந்தச் சண்டை முழுவதும் மௌனத்தின் பலன் யாருக்கு என்ற ஒரே புள்ளியில்தான் நடந்தது.

இரண்டாவது, வகைப்படுத்துபவர் யார் என்று பாருங்கள். பண மசோதா என்றால் மாநிலங்களவைக்கு 14 நாள்தான். அதற்குள் திருப்பி அனுப்பாவிட்டால் நிறைவேறியதாகவே கணக்கு, திருத்தம் பரிந்துரைத்தாலும் மக்களவை ஏற்கத் தேவையில்லை. அதாவது மேலவையின் கடிவாளமே கழன்றுவிடுகிறது. எது பண மசோதா என்று சான்று தருபவர் மக்களவைத் தலைவர், பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2016 ஆதார் சட்டம் இந்த வழியில்தான் போனது. 2018-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று அதை ஏற்றுக்கொண்டது. 2019-இல் இன்னொரு அமர்வு, எது பண மசோதா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. எனவே விதியில் ‘14 நாள்’ என்பதை மட்டும் அடிக்கோடிட்டால் போதாது, அந்த விதிக்குள் ஒன்றைத் தள்ளும் அதிகாரம் யாரிடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்சித் தாவலும் அப்படித்தான். தாவினால் பதவி போகும் என்கிறது பத்தாவது அட்டவணை, ஆனால் முடிவெடுக்கும் அவைத்தலைவருக்கு நாள் குறிக்கவில்லை. ஆளுங்கட்சிக்குத் தாவியவர் மீதான மனு அவையின் ஆயுள் முடியும்வரை தூங்கலாம். சாதாரண சூழலில் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் மணிப்பூர் வழக்கில் சொன்னது. அதன் பிறகும் இதே தாமதத்துக்காக வழக்குகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

---

வன்னிமரம் பதில்:

கூர்முனை சொன்னதற்கு இலங்கையை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஒரே நிறுவனத்தை மூன்று நான்கு தரம் உடைத்துக் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு தரமும் மாறினது இந்த மௌன விதிதான்.

2001-ஆம் ஆண்டின் 17-ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. பொலிஸ், பொதுச் சேவை, தேர்தல் போன்ற ஆணைக்குழுக்களுக்குப் பேரவை பெயர் தந்தால்தான் சனாதிபதி நியமிக்கலாம். கேட்க நல்ல ஏற்பாடு. 2005-இல் பேரவை உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. சிறிய கட்சிகள் இணங்கிப் பெயரிட வேண்டிய ஒரு இடம் நிரம்பவில்லை. அந்த ஓட்டையைக் காட்டி முழுப் பேரவையும் அமைக்கப்படாமல் நின்றது. பேரவை இல்லை, ஆனால் ஆணைக்குழுக்களுக்கு ஆட்கள் வேண்டும், ஆகவே சனாதிபதியே நேரடியாக நியமித்தார். கட்டுப்படுத்த வந்த அமைப்பு இல்லாமற் போனதன் பலன் யாரைக் கட்டுப்படுத்த வந்ததோ அவருக்கே போய்ச் சேர்ந்தது. 2010-இல் 18-ஆவது திருத்தம் பேரவையையே எடுத்துவிட்டு, கருத்துச் சொல்ல மட்டும் உரிமையுள்ள நாடாளுமன்றப் பேரவை ஒன்றை வைத்தது.

2015-இன் 19-ஆவது திருத்தத்தை எழுதினவர்கள் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். பெயர்கள் கையளிக்கப்பட்டு 14 நாளுக்குள் சனாதிபதி நியமிக்காவிட்டால் அவர்கள் நியமிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று எழுதிவிட்டார்கள். பந்து அப்படியே மற்றப் பக்கம் போய்விட்டது. 2020-இல் 20-ஆவது திருத்தம் திரும்பவும் பேரவையை நீக்கியது, 2022-இல் 21-ஆவது திருத்தம் மீட்டெடுத்தது.

ஆகவே நியமனக் குழு ஒன்றைப் பற்றி வாசித்தால் மூன்றைக் கட்டாயம் தேடுங்கள்: ஒரு இடம் வெற்றிடமானால் மற்றவர்கள் கூடி முடிவெடுக்கலாமா, பெயர் போன பிறகு எத்தனை நாள், நாள் தாண்டினால் என்ன. இந்த மூன்றும் இல்லாத குழு எவ்வளவு கண்ணியமானவர்களால் நிரப்பப்பட்டாலும் ஒரு கதிரையை வெறுமையாக விட்டே நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. காலம் குறித்து எழுதிய விதியை நீதிமன்றம் பிடித்துக்கொள்வது இலகு. 19-ஆவது திருத்தத்தின்படி நாலரை வருடம் முடியும் முன் பாராளுமன்றத்தைக் கலைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் தீர்மானம் வேண்டும். 2018 நவம்பர் 9 இரவு அந்தக் காலம் முடியும் முன்பே சனாதிபதி கலைத்தார். நவம்பர் 13 உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை, டிசம்பர் 13 ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்றார்கள். ‘நியாயமான காலம்’ என்று எழுதியிருந்தால் இவ்வளவு கெதியாக முடிந்திருக்காது.

(இந்தியத் தம்பிமாருக்கு: எங்களுக்கு உயர் நீதிமன்றம்தான் உச்சி. குழம்ப வேண்டாம்.)

---

கணக்குப்பிள்ளை பதில்:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தானாக விழும் முடிவு எப்போதும் நல்ல கடிவாளம் ஆகாது. பணத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

ஆண்டு வரவுசெலவு நிறைவேறவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை. ஜெர்மனியில் என்ன ஆகும்? அடிப்படைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவுப்படி, சட்டப்படி ஏற்கெனவே தர வேண்டியதையும் நடந்துகொண்டிருக்கும் பணிகளையும் அரசு தொடரலாம். புதிதாக எதையும் தொடங்க முடியாது. அமெரிக்காவில் ஒதுக்கீடு இல்லையென்றால் செலவும் இல்லை, அலுவலகம் மூடப்படும். இத்தனைக்கும் மூல விதி 19-ஆம் நூற்றாண்டினது. 1980-இல் அன்றைய தலைமை வழக்குரைஞர் சிவிலெட்டி தந்த கண்டிப்பான விளக்கத்துக்கு முன்பு, இடைவெளி விழுந்தாலும் துறைகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2018–19-இல் 35 நாள், 2025-இல் 43 நாள் முடங்கியது. இது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துகிறதா, அல்லது யார் முதலில் பணிவார் என்ற பிணைக்கைதிப் பேரமா? என்னைக் கேட்டால் இரண்டாவது. பணத்தை மறுக்கும் உரிமை சட்டமன்றத்துக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் மறுப்பின் அடி யார் மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியா, பிரிட்டன் போன்ற இடங்களில் இந்த முடக்கம் ஏன் வருவதில்லை? மானியக் கோரிக்கையைக் கீழவை தோற்கடித்தால் அரசே நம்பிக்கை இழந்ததாகிவிடும். அடி நேராக அமைச்சரவை மீது விழும். கேட்டவர் நாடாளுமன்ற முறையில் கடிவாளமே இல்லை என்கிறார். இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு பெரிய கடிவாளம். இழுத்தால் வண்டியே கவிழும் என்பதால்தான் யாரும் இழுப்பதில்லை.

கால வரம்பை வைத்தே ஏமாற்றவும் முடியும். காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை குடியரசுத் தலைவர் நிக்சன் செலவழிக்காமல் நிறுத்திவைத்ததால் 1974-இல் ஒரு சட்டம் வந்தது: ஒதுக்கீட்டை ரத்து செய்ய விரும்பினால் தலைவர் காங்கிரஸுக்கு முன்மொழிய வேண்டும். அவை கூடியிருக்கும் கணக்கில் 45 நாள் பணத்தை நிறுத்திவைக்கலாம். அதற்குள் காங்கிரஸ் ஏற்காவிட்டால் விடுவிக்க வேண்டும். மௌனம் காங்கிரஸ் பக்கம். கச்சிதம்தானே? நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டு கடைசியில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவிக்கு ரத்து முன்மொழிவு போனது. 45 நாள் ஓடி முடிவதற்குள் நிதியாண்டு முடிந்து, அந்த ஒதுக்கீடே காலாவதி. காங்கிரஸின் மௌனம் தலைவருக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டது. செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் இடைக்காலமாக நிறுத்திவைப்பை அனுமதித்தது. ஒரு கடிகாரத்தைப் படித்தால் போதாது, பக்கத்தில் ஓடும் அடுத்த கடிகாரம் எப்போது நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

---

ஏட்டுச்சுரை:

மூவருக்கும் நன்றி. நாள் கணக்கு, மௌனத்தின் பலன், வகைப்படுத்துபவர், வெற்றிடம், பக்கத்துக் கடிகாரம் என்று குறித்துக்கொண்டேன். எண்ணிக்கை? மூன்றில் இரண்டு என்றால் வலுவான தடை, சாதாரணப் பெரும்பான்மை என்றால் பலவீனம் என்று கொள்ளலாமா?

---

கூர்முனை பதில்:

கொள்ளக்கூடாது. அந்த எண்ணிக்கையை யார் திரட்ட வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரே எண் ஒரு பக்கம் கேடயம், மறுபக்கம் சுவர்.

அமெரிக்காவின் 1976 அவசரநிலைச் சட்டம் இதற்குப் பாடம். தலைவர் அவசரநிலை அறிவிக்கலாம், இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டு முடிக்கலாம், அதற்குத் தலைவரின் கையெழுத்து தேவையில்லை என்று எழுதினார்கள். 1983-இல் சத்தா என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தலைவரிடம் போகாத தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது என்றது. அதிகாரப் பிரிவினையின் பெயரால் வந்த தீர்ப்புதான் அது. 1985-இல் சட்டத்தைத் திருத்தி, தலைவரிடம் அனுப்ப வேண்டிய கூட்டுத் தீர்மானமாக மாற்றினார்கள். இப்போது தலைவர் தடுப்பாணை போடலாம், அதை முறியடிக்க இரு அவையிலும் மூன்றில் இரண்டு வேண்டும். 2019-இல் மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட டிரம்ப் அறிவித்த அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் கீழவையில் 245–182, செனட்டில் 59–41 என்று நிறைவேறியது. மார்ச் 15 அன்று தடுப்பாணை. முறியடிக்கும் முயற்சியில் கிடைத்தது 248–181, போதவில்லை. இரு அவையிலும் பெரும்பான்மை எதிர்த்தும் அவசரநிலை நின்றது. அதிகாரத்தைக் கொடுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும், திரும்ப வாங்க மூன்றில் இரண்டு வேண்டும் என்ற நிலை எங்கே கண்டாலும் அங்கே கடிவாளம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது.

இந்தியாவின் 44-ஆவது திருத்தம் (1978) இதை நேராக மாட்டியது. 352-ஆவது பிரிவின்படி அறிவிக்கும் அவசரநிலைக்கு ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையில் (மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு) ஒப்புதல் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முடிக்கவோ மக்களவையின் சாதாரணப் பெரும்பான்மை போதும். நீட்டிப்பவர்தான் ஆள் திரட்ட வேண்டும், சும்மா விட்டால் காலாவதி.

பிரான்சின் 49-ஆவது பிரிவு, மூன்றாம் பத்தியையும் பாருங்கள். அரசு ஒரு மசோதாவைத் தன் பொறுப்பில் முன்வைத்தால் வாக்கெடுப்பே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து அது வெல்லாவிட்டால் மசோதா நிறைவேறியதாகிவிடும். அதில் ஆதரவு வாக்கு மட்டுமே எண்ணப்படும், வராதவரும் வாக்களிக்காதவரும் அரசுக்குச் சாதகம். 2023 ஓய்வூதியச் சட்டத்தில் 287 வேண்டிய இடத்தில் 278 கிடைத்தது, சட்டம் பிழைத்தது. 2024 டிசம்பரில் 331 பேர் திரண்டார்கள், பிரதமர் பார்னியேயின் அரசு கவிழ்ந்தது.

---

கணக்குப்பிள்ளை பதில்:

எண்ணிக்கையோடு சேர்த்து, தடை விழுந்த பிறகு கடைசிக் கையெழுத்து யாருடையது என்றும் பாருங்கள். பலரும் இதைத் தவறவிடுவார்கள்.

போலந்தில் 2016 மார்ச் 9 அன்று அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு செல்லுபடியாக அரசிதழில் வர வேண்டும், அரசிதழோ பிரதமர் அலுவலகத்தின் பொறுப்பில். அவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். ‘உடனடியாக வெளியிட வேண்டும்’ என்று அரசியலமைப்பு சொன்னதுதான், வெளியிடாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. 2018-இல் வெளியானபோது, சட்டத்தை மீறி வழங்கப்பட்டது என்ற குறிப்பும் உடன் வந்தது.

அவை கூடாத நேரத்தில் அரசு பிறப்பிக்கும் அவசரச் சட்டத்தில் இதன் மறுபக்கம். அவை கூடி ஆறு வாரத்தில் காலாவதி என்கிறது இந்திய அரசியலமைப்பு. இரு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும் கூட்டினால் அதிகபட்ச ஆயுள் சுமார் ஏழரை மாதம். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு, காலாவதி ஆக ஆகத் திரும்பப் பிறப்பித்து, சில 14 ஆண்டுகள்வரை உயிரோடு இருந்தன. காலாவதி விதி இருந்தது, மறுபடி பிறப்பிக்கக்கூடாது என்ற வரி இல்லை. பீகாரின் இந்த வழக்கத்தை எதிர்த்து வந்த வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வும், 2017-இல் ஏழு நீதிபதிகள் அமர்வும் இது அரசியலமைப்பை ஏய்ப்பது என்று சொல்லித்தான் அடைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ‘அரசு அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்’ என்ற அப்பாவியான வரி. கூர்முனை புகழ்ந்த அதே 44-ஆவது திருத்தத்தின் 3-ஆவது பிரிவைத் தேடிப் பாருங்கள். காவல் நியாயமா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தைக் கேட்காமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, அந்தக் குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொல்கிறது. இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து எல்லாம் முடிந்தது. நடைமுறைத் தேதியை மட்டும் மத்திய அரசிடம் விட்டார்கள். ஏ.கே. ராய் வழக்கில், தேதி குறிக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவில் இன்றும் மூன்று மாதம் என்றுதான் நடைமுறையில் இருக்கிறது. 1978-இல் நிறைவேறிய வாசகம் அச்சுப் பிரதிகளில் அடிக்குறிப்பாக வருகிறது.